டிரைவர் மேல் போட்ட பழி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பேசும்போது, உன் கல்யாணப் பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்ததில் தாய்மாமன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை உன் அய்யா கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. அய்யாவுக்கு இப்போது காது மந்தம் என்பதால் நீ சத்தமாகத்தான் பேசுவாய். நீ சொன்னது எனக்கும் கேட்டது. "மாமா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாருய்யா. ஒரு ஹார்ட் டிஸ்க்குக்காகவா அம்மா இத்தன வருசமா கூடப்பிறந்த தம்பிகிட்ட பேசாம இருக்கு?"

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவன் உன்னிடம் 'எல்லாத்தையும்' சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீ நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு கிடக்கிறவன், உனக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் அவளுக்கும் விளங்கும்படி கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். இதெல்லாம் நீ காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடந்தது. லீவுக்கு வந்தபோது நீ பார்த்ததெல்லாம் மூடிக்கிடந்த ஒரு கம்ப்யூட்டரும், மாமா வராத வீடும்தான்.

உன் மாமா முனீஸை நான் தம்பி என்று நினைத்ததே இல்லை, எனக்கு அவன் முதல் பிள்ளை மாதிரி. அபிராமத்தில் எங்கள் அம்மா போன பிறகு அவனை ராமநாதபுரத்துக்கு அழைத்து வந்து நம் வீட்டில் வைத்துத்தான் படிக்கவைத்தேன். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து ராமேஸ்வரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அரண்மனைப் பக்கம் சின்னதாக வீடியோக் கடை வைத்திருந்ததும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமெல்லாம் முஸ்லிம் வீடுகளில் என்னைத் தேடி வந்ததும் உனக்குத் தெரியும். பெண்கள் இருக்கிற பக்கம் ஆண்பிள்ளை கேமராவோடு போகமுடியாது. நான் போவேன். எடுத்ததை வேறு யாரும் பார்க்காமல் நானே உட்கார்ந்து வெட்டி ஒட்டி சி.டி.யாகப் போட்டுக் கொடுப்பேன். அந்த நம்பிக்கையில்தான் என் தொழில் ஓடியது. அந்த வேலைக்கு வேண்டிய கம்ப்யூட்டரைச் சாமான் சாமானாகப் பார்த்து வாங்கி, வீட்டில் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் முனீஸ்தான்.

பூட்டிய கொஞ்ச நாளிலேயே தகராறு ஆரம்பித்தது. கேசட்டில் இருக்கிற படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க அதில் தனியாக ஒரு கார்டு செருகியிருக்கும். படத்தை இறக்கப் பட்டனை அமுக்கியதும் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும். முனீஸ் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, "டிரைவர் சரியில்லக்கா" என்றான். அப்போதுதான் பஸ் ஓட்டுகிற டியூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த உன் அய்யா சட்டென்று திரும்பினார். "எந்த டிரைவர மாப்ள சொல்ற?" நானும் முனீஸும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மச்சான், ஒங்களச் சொல்லல. இந்தக் கார்ட எப்பிடி வேல வாங்கணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுக்குற புரோகிராமுக்கு டிரைவர்னு பேரு. தப்பான டிரைவரப் போட்டா கார்டத் தொட்டதுமே எல்லாம் படுத்துரும்" என்றான். சேஃப் மோடில் திறந்து, பழைய டிரைவரை எடுத்துவிட்டு, கார்டோடு வந்த சி.டி.யிலிருந்து சரியானதைப் போட்டான். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. போகும்போது எனக்கு ஒரு பாடமும் சொல்லிவிட்டுப் போனான். "எப்ப விழுந்தாலும் ஒரே எடத்துல, ஒரே சாமானத் தொடும்போது விழுந்துச்சுன்னா அது டிரைவர்க்கா. எங்க வேணும்னாலும் விழுந்தா வேற எதையாச்சும் பாக்கணும்." அவன் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் சரியில்லை.

வேலை கூடக் கூட ஹார்ட் டிஸ்கில் இடம் பற்றவில்லை. நானும் அவனும் மதுரைக்குப் போய்ப் பெரியதாக ஒன்று வாங்கி வந்தோம். வெள்ளிக் காகித உறையை என் கண் முன்னால் கிழித்துத்தான் உள்ளே பூட்டினான். கொஞ்ச நாள் ராஜா மாதிரி ஓடியது. பிறகு ஒருநாள் அவனாகவே வந்தான். "உப்புக்காத்துல உள்ள எல்லாம் பூத்துப்போயிருக்கும்க்கா. இங்கன வச்சுச் செய்ய முடியாது. நான் கடைக்குக் கொண்டுபோயி சுத்தம் பண்ணிக் கொண்டாரேன்." பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் பஸ்ஸில் உட்கார்ந்து போனவனைப் பார்த்து, இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று உன் அய்யாவிடம் சொன்னேன்.

திரும்பி வந்த பெட்டி முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது. ஒரு படத்தைத் திறந்தால் மணல்கடிகை சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு மறுபடியும் நீலத் திரை. இந்தத் தடவை கார்டைத் தொடும்போது மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை பெண் பெயரை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் வந்தது. நான் போன் போடுவேன்.

"முனீஸு, கார்டுல படம் எறக்கவே இல்லடா. சும்மா டைப் அடிக்கும்போதே நின்னுபோச்சு."

"டிஸ்ப்ளே டிரைவரா இருக்கும்க்கா. மாத்திப் போட்டுருவோம்."

வந்து மாற்றினான். நாலு நாள் ஓடும், மறுபடி விழும். அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே ஒருநாள் நான் கார்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் விழுந்தது.

"கார்டையே கழட்டிட்டேன்டா, அப்பவும் விழுகுதே?"

"அப்ப சவுண்டு டிரைவரு."

"உள்ளருந்து டக்கு டக்குனு ஒரு சத்தம் வேற வருது."

"அது ஃபேன்ல தூசிக்கா."

நான் பழைய பிரஷ்ஷால் ஃபேனைத் துடைத்தேன். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் அவன் சலித்துக்கொண்டான். "நீ கண்டதையும் அமுக்கியிருப்பக்கா. தெரியாத எடத்துல கைய வச்சா இப்பிடித்தான்." தம்பி, இதைக் கவனமாகப் படி. அந்த வார்த்தைக்குப் பிறகு நான் என் கம்ப்யூட்டரைத் தொடவே பயந்தேன். ஒவ்வொரு தடவை அது விழும்போதும் என் கையைத்தான் திட்டிக்கொண்டேன். பத்தாவதோடு நின்ற பொம்பளைக்கு இது எதற்கு என்று நானே என்னைக் கேட்டேன். அவனுக்கு அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று முதல் நாளே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கீழக்கரையில் சபியா ராத்தா மகள் கல்யாணம் வந்தது. அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். ராத்தாவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். மகள் நிக்காஹ்வுக்குக் கம்பெனியில் லீவு தரவில்லை. முன்பணம் கொடுக்கும்போதே ராத்தா சொன்னார்: "அவுக ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாக. சம்மதம் கேக்குற நேரத்துல எம்மவ மொகத்தப் பாக்கணுமாம். அத மட்டும் விட்டுறாதம்மா." நான் விடவில்லை. பெண்ணின் முகத்துக்கு நேராக நின்று எடுத்தேன். மறுநாளே எல்லாக் கேசட்டையும் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிட்டேன். அந்த வாரமே இன்னொரு கல்யாணம். மதுரையிலிருந்து வரவேண்டிய புதுக் கேசட் வந்து சேரவில்லை. கீழக்கரைக் கேசட்டை அழித்து அதன் மேலேயே எடுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இருந்தாலும் மனசு இடித்தது. முனீஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"இந்தக் கேசட்ட அழிக்கலாமாடா? மெஷினு இப்பிடி விழுந்துக்கிட்டுக் கெடக்கு. நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா?"

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னான்: "தைரியமா அழிச்சு எடுக்கா. டிஸ்க்கு புதுசு. அதுக்கென்ன கேடு?"

அழித்தேன். பாதி எடிட்டிங்கில் இருக்கும்போது ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் டக்கு டக்கு என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. ஹார்ட் டிஸ்க் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. முனீஸை அழைத்தேன், கடையில் கூட்டம், வர முடியாது என்றான். மதுரையில் ஒருவர் செத்த டிஸ்கிலிருந்து படங்களை மீட்டுத் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அதில் இருப்பது பெண்கள் பக்கத்துப் படம், ஒரு ஆண்பிள்ளை முன்னால் அதைத் திறக்க வேண்டும். ராத்தாவிடம் போய் நின்றேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நீ பக்கத்துலயே இரு. நீ பாத்துட்டு, எடுத்த ஒடனே அழிச்சுரச் சொல்லு" என்றார். டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

மதுரைக்காரர் ஏதேதோ போட்டுப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத் திரையில் சின்னச் சின்னப் படங்களாக வர ஆரம்பித்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். வந்தது கீழக்கரைக் கல்யாணம் இல்லை. முன்பின் தெரியாத ஆட்களின் பாஸ்போர்ட் போட்டோ, யாருடைய வேலை விண்ணப்பமோ, காலேஜ் பிள்ளைகளின் பிராஜக்ட். "ஒங்க வீட்டுல பிரௌசிங் சென்டர் நடத்துனீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இது நெறையப் பேரு ஒக்காந்து பாத்த டிஸ்க்கு. பழசு. ஃபார்மட் பண்ணி ஒங்களுக்குக் குடுத்துருக்காங்க. பேட் செக்டர், அதான் கெட்டுப்போன எடம், அப்பவே இருந்துருக்கும்." புதியது என்றேன். என் கண் முன்னால் உறையைக் கிழித்தது என்றேன். அவர் அடுத்த படத்தைத் திறந்தார். பச்சைத் திரைச்சீலை போட்ட ஒரு கடை, ஒரு குழந்தையின் பிறந்தநாள், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் அப்பா, கடை முதலாளி. பக்கத்தில் கேக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி என் தம்பி. அது அவன் வேலை பார்த்த கடை. அந்தப் பிறந்தநாள் நாங்கள் டிஸ்க் வாங்குவதற்கு முந்தின வருஷம் நடந்தது. எங்களுக்கும் கேக் கொண்டுவந்து கொடுத்தான்.

கல்யாணப் படத்தில் ஒரு துண்டுகூடத் திறக்கவில்லை.

நான் வீட்டுக்கு வரவில்லை. மதுரையிலிருந்து நேராக ராமேஸ்வரம் போனேன். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். நான் மடியில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வெளியே அவனைக் கூப்பிட்டு டிஸ்கைக் காட்டினேன்.

"இது யாருதுடா?"

"ஒன்னுதுதான்க்கா."

"ஒங் கடைப் படமெல்லாம் இதுக்குள்ள இருக்கு. நீ கேக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற."

கடைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கடையின் முக்கியமான கம்ப்யூட்டரை இடம் மாற்றும்போது அவன் கைதவறிக் கீழே போட்டிருக்கிறான். அதிலிருந்து அந்த டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, சுத்தம் செய்வதாகச் சொல்லி என் பெட்டியைக் கொண்டுபோய், என் புது டிஸ்கை அங்கே வைத்துவிட்டு, அடிபட்டதை என் பெட்டிக்குள் பூட்டிவிட்டான். "சீக்கிரமே வேற வாங்கி மாத்திப்புடலாம்னுதான் இருந்தேன்க்கா" என்று அழுதான்.

"டிரைவர்னு சொன்னியேடா. என்னையத் தெரியாதவன்னு சொன்னியேடா. சரி, அதெல்லாம் போகுது. கேசட்ட அழிக்கலாமானு கேட்டேன்ல? அப்பவாச்சும் ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருக்கலாமுல்ல? காரணங்கூடக் கேட்டிருக்க மாட்டேனே."

"வேணாம்னு சொன்னா நீ சந்தேகப்படுவன்னு..." என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கல்யாண வீடியோதானக்கா. சொல்லிச் சமாளிச்சுக்கிருவோம்" என்றான்.

தம்பி, டிஸ்கை மாற்றியதைக்கூட நான் ஒருநாள் மறந்திருப்பேன். வேலைக்குப் பயந்தவன், சின்னவன், என் கையால் சோறு தின்றவன். போனில் அந்தக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தானே, அப்போது அவன் யோசித்திருக்கிறான். யோசித்துவிட்டுத்தான் அழிக்கச் சொன்னான். அதை என்னால் எப்படிப் பார்த்தாலும் தாண்ட முடியவில்லை. டிஸ்கை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அய்யாவிடம் சொன்னபோது அவர் கோபப்படக்கூட இல்லை. "எல்லாப் பழியையும் டிரைவர் மேல போட்டுட்டானா" என்றார். அவ்வளவுதான். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கீழக்கரைக்குப் போனேன். ஜும்ஆ தொழுகை முடிந்து சவுதியிலிருந்து போன் வரும் நேரம். ராத்தா என்னைத் திட்டவில்லை. போன் மணி அடித்ததும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். "அவுககிட்ட நீயே சொல்லு. என்னால ஏலாது." நான் சொன்னேன்.

"ஒண்ணுமே மிஞ்சலையாம்மா?"

"இல்லண்ணே."

"நீ அந்த எடத்துல நின்னியா? சம்மதம் கேக்கும்போது?"

"அவ மொகத்துக்கு நேரா நின்னேண்ணே."

"அப்ப சொல்லு."

நான் சொன்னேன். முக்காட்டின் ஓரம் அடிக்கடி நெற்றியில் இறங்கியதையும், அவள் அதை மருதாணிக் கையால் தள்ளிவிட்டதையும் சொன்னேன். மேலுதட்டில் வேர்த்திருந்தது. அவளுடைய வாப்பாவின் இடத்தில் அவர் அண்ணன், பெரியத்தா, வந்து நின்று சம்மதம் கேட்டபோது அவள் பதில் சொல்லாமல் வாசல் பக்கம் பார்த்தாள். இரண்டாவது தடவை கேட்டபோதும் வாசலைத்தான் பார்த்தாள். ராத்தா தோளைத் தொட்ட பிறகுதான் சம்மதம் என்றாள், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில். சொல்லி முடித்தேன்.

"வாசலயா பாத்தா?"

"ஆமாண்ணே."

"இன்னொரு தடவ சொல்லும்மா."

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். போனை வைத்த பிறகு ராத்தா சொன்னார்: "ஒன்ன நம்பித்தானம்மா உள்ள விட்டோம்." என் தம்பிதான் செய்தான் என்று சொல்ல வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நாளைக்கு அவன் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாதே என்று அப்போதும் நினைத்தேன் பார். அதற்குப் பிறகு கீழக்கரையிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பெரியபட்டினத்திலும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடையை ஏன் மூடினாய் என்று நீ கேட்டதற்கு, கண் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

உன் மாமா ஒரு தடவை வந்தான். அதையும் உன்னிடம் சொல்லியிருப்பான். புது ஹார்ட் டிஸ்க், உறை பிரிக்காதது. மேஜையில் வைத்துவிட்டு, "இதோட சரியாப்போச்சுல்லக்கா?" என்றான். அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள், அந்த மனுஷர் என்ன சொன்னார் என்று அவன் அன்றைக்குக் கேட்டிருந்தால், தம்பி, நான் காபி போட்டுக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. டிஸ்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அதைத்தான் அவன் உனக்கு, 'புதுசு வாங்கிக் குடுத்தும் அக்கா மனசு எறங்கல' என்று சொல்லியிருக்கிறான்.

நீ பேசி இரண்டு நாள் கழித்து, நானே அவனுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணின் வாப்பா இப்போது ஊரோடு வந்துவிட்டார், கீழக்கரைக்கு ஒரு தடவை போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வா, பத்திரிகையில் உன் பெயரை முதலில் போடச் சொல்கிறேன் என்றேன். "அதெல்லாம் பழங்கதக்கா. இப்பப் போயி எதுக்குக் கிண்டுற" என்றான்.

ஆகவே நானே முடிவு செய்துவிட்டேன். அவன் பெயரைப் பத்திரிகையில் போடச் சொல்லிவிட்டேன். தாய்மாமன் மாலை உனக்குச் சேரவேண்டியது, என் கோபத்துக்காக அதை நான் நிறுத்தக்கூடாது. வந்தால் வா என்று கேட்பேன், சாப்பிடச் சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உன் பெண்டாட்டி ஏதாவது சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், உனக்குக் காரணம் தெரிந்திருந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். உனக்குத் தெரிந்துகொண்டே, கோளாறு அவள் கையில்தான் இருக்கிறது என்று அவளை நம்பவைக்காதே.

நேற்று நானும் அய்யாவும் கீழக்கரைக்குப் போய், பத்திரிகை அச்சாகி வருமுன்னே கல்யாணத்துக்கு வாயால் அழைத்துவிட்டு வந்தோம். ராத்தா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, ஆனால் உட்காரச் சொன்னார். வாப்பா கண்டிப்பாக வருவதாகச் சொன்னார். முன் வரிசையில் இரண்டு நாற்காலி அவர்களுக்கு. நீ மணவறையிலிருந்து இறங்கியதும் அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், உன் மாமாவின் முன்னால் நிறுத்தி, இவர் யார் என்று மாமாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் என் குரல் உடைந்துவிடும். அதற்கப்புறம் பேசுவதா, தலையைக் குனிந்துகொள்வதா என்பதை முனீஸே பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா